கர்ல்: ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள், ஆனால் வேகவரம்புடன். வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. சுமார் 40,000 இணைய முகவரிகள் கொண்ட பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அவற்றில் எவை இன்னும் இயங்குகின்றன என்று சரிபார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்டால் பொழுது விடிந்துவிடும் என்பதால், இணைய முகவரிகளுக்குக் கட்டளைவரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவியான கர்லின் (curl) ‘பேரலல்’ விருப்பத்தைப் பயன்படுத்தினேன். அது பல கோரிக்கைகளை ஒரே சமயத்தில் அனுப்பும். எண் எதுவும் கொடுக்காவிட்டால் அது ஒரே சமயத்தில் 50 கோரிக்கைகள் வரை நடத்துகிறது. அபாரமான வேகம்! ஆனால் சில நிமிடங்களிலேயே ஒரு சர்வர் 429 என்று பதில் தரத் தொடங்கியது. அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று பொருள். அது நியாயம்தான். யாருடைய சர்வரையும் திணறடிக்க எனக்கு விருப்பமில்லை.

ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை கோரிக்கைகள் என்று சொல்லும் ‘பேரலல் மேக்ஸ்’ எண்ணை 5 ஆகக் குறைத்தேன். சட்டென்று பதில் தரும் தளங்களுக்கு அதுவே அதிகம். நொடிக்கு இத்தனை என்று வரம்பிடும் ‘ரேட்’ விருப்பமோ பேரலலுடன் சேர்ந்தால் பயன் தருவதில்லை. கையேட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

பட்டியலைச் சர்வர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ‘ரேட்’ வைத்த தனிக் கர்லை எக்ஸ்ஆர்க்ஸ் (xargs, பட்டியலில் உள்ளவற்றைக் கொடுத்து ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப இயக்கும் கருவி) மூலம் இயக்கலாமா என்று யோசிக்கிறேன். இப்படிச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இதைவிட எளிய வழி தெரிந்தால் இன்னும் மகிழ்ச்சி.