புத்தகத்தை மதிப்புரைக்கு அனுப்புவது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். குளச்சலில் இருக்கும் என் பெரியப்பா, கடல் தொழிலில் தான் பழகியதையெல்லாம் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டிருக்கிறார். கச்சான் என்னும் மேற்குக் காற்று எழும்பினால் கடல் எப்படி மாறும், கொண்டல் என்னும் கிழக்குக் காற்று வீசும்போது என்ன மீன் படும், கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையை வளைக்கும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இதையெல்லாம் எழுதி வைக்க இனி ஆள் கிடைக்காது.

மதிப்புரைக்கு இரண்டு பிரதி கேட்பார்கள் என்று ஒரு நாளிதழுக்கு அனுப்பினோம். ‘வரப்பெற்றோம்’ பகுதியில் தலைப்பும் விலையும் மட்டும் வந்தது. பெரியப்பாவுக்கு அதுவே சந்தோஷம், எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

வந்து குவியும் புத்தகங்களில் எதை எடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பக்கத்தைப் பார்க்கும் உதவி ஆசிரியரா, மதிப்புரை எழுதுபவரா? சொந்த வெளியீடு என்றால் ஒதுக்கிவிடுவார்களா? ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டிப் புதுப் புத்தகங்கள் மொத்தமாக வரும். அது ஓய்ந்தபிறகு அனுப்புவது நல்லதா? அப்புறம், நாகர்கோவிலில் இருக்கும் நிருபரிடம் நேரில் கொடுத்தால் பலன் உண்டா?

பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கூடவே என்ன மாதிரிக் கடிதம் வைக்க வேண்டும் என்றும் சொன்னால் பெரிய உதவி.