குழாய் தேடும் கருவி: ‘புதைகாணி’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மண்ணுக்குள் கிடக்கும் குழாயையும் கேபிளையும் தேடும் கருவிக்கு ‘புதைகாணி’ என்று நம் கலைச்சொல் குழுவில் மன்னார்குடி நண்பர் முன்மொழிந்திருக்கிறார். காண், இ சேர்ந்து காணி, இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் மன்னார்குடிக்காரரே இதைச் சொல்வதுதான் வியப்பு. நம் பக்கம் காணி என்றால் நிலம். டெண்டரில் ‘புதைகாணி’ என்று எழுதினால், வெள்ளத்தில் மணல் மூடிய யாருடைய வயலோ என்றுதான் படிப்பார்கள். முன்மொழியப்பட்ட இன்னொரு சொல்லான ‘துப்பறிவி’ காவல்துறைக்கே இருக்கட்டும்.

எனக்கு இன்னொரு குறையும் தெரிகிறது. இதுவரை வந்த சொற்கள் தேடும் பெட்டிக்கு மட்டுமே பெயர் வைக்கின்றன. இருப்பதோ இரண்டு பெட்டிகள். ஒன்று, குழாயில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அது குழாய் வழியே ஓடி, மண் வழியாக, அடித்து வைத்த முளைக்கம்பிக்குத் திரும்புகிறது. குழாயைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. மற்றதைக் கையில் பிடித்து நடப்பவர் அந்தப் புலத்தைத்தான் பின்தொடர்கிறார். மின்சாரம் ஓடும் கேபிளின் 50 ஹெர்ட்ஸை முதல் பெட்டி இல்லாமலும் பிடிக்கலாம். ஆனால் அது யாருடைய கேபிள் என்று தெரியாது.

ஆகவே முதல் பெட்டிக்கு ‘குறிகையூட்டி’ (குறிகை என்றால் சிக்னல்), இரண்டாவதற்கு ‘தடங்காட்டி’. வெப்பமூட்டி, திசைகாட்டி என்று ஏற்கெனவே பழகிய வார்ப்புகள்தாம். (ஊட்டி என்றதும் மலை ரயில் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) முதல் பெட்டியை ‘அலைபரப்பி’ எனலாமே என்றால், அது வானொலிக்குப் பொருந்தும், இங்கே பரவுவதே தொல்லை. கும்பகோணத்தில் ஒரு சந்தில் குடிநீர்க் குழாயைத் தேட, குறிகையூட்டியைத் தரையில் வைத்து, கம்பி இணைக்காமல் தூண்டல் முறையில் 33 கிலோஹெர்ட்ஸ் ஊட்டினோம். கருவி காட்டிய கோட்டில் தோண்டினால் தொலைபேசி கேபிள். நல்லவேளையாக பொக்லைன் இன்னும் வரவில்லை, கடப்பாரையோடு போயிற்று. பிறகு வால்விலேயே நேரடியாக இணைத்து 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கினோம். குடிநீர்க் குழாய் இரண்டடி தள்ளிக் கிடந்தது. அதிர்வெண் கூடக்கூட, நண்டு வளை விழுந்த வரப்பில் வாய்க்கால் தண்ணீர் போவதுபோல, குறிகை பக்கத்துக் கம்பிக்குப் போய்விடுகிறது. அதற்குக் ‘கசிவு’ என்ற சொல்லே போதும். புதிதாக ஆக்க வேண்டாம்.

முளைக்கம்பியை ‘நிலமுளை’ என்கிறேன். ஈர வண்டலில் நன்றாகப் பிடிக்கும். சித்திரையில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது அதன் அடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

பி.வி.சி. குழாயில் மின்னோட்டம் ஓடாது. பதிக்கும்போதே கூடவே போடும் கம்பி ‘தடக்கம்பி’. அதைப் போடாமல் மூடிவிட்டால், சின்னஞ்சிறு குறிகையூட்டி ஒன்றைக் குழாய்க்குள் தள்ளி, மேலிருந்து தேட வேண்டும். அதற்கு ‘உள்ளோடி’. முன்னோடி உண்டென்றால் உள்ளோடியும் இருக்கலாமே.

ஒன்றுதான் பாக்கி. குழாய்க்கு நேர் மேலே வந்ததும் ஓசை ஏறும் முறைக்கு ‘உச்சம்’ என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அதே இடத்தில் ஓசை அற்றுப்போகும் முறைக்கு ‘சுழி’ (பூஜ்யம்) என்றால், காவிரியில் குளித்தவர்கள் வேறு எதையோ நினைத்துப் பயப்படுவார்கள். ‘அடங்கல்’ என்று எழுதினேன். அது நிலத்தின் பயிர்க் கணக்குக்கும் பெயர், கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று அடித்துவிட்டேன். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.