வெளியிலிருந்து ஓப்பன்சிம் உலகுக்குள் நுழைய முடியவில்லை. வேறு தளத்துக்கு மாறிவிடலாமா?

முகில்வண்டி:
வணக்கம். வடிவியல் வகுப்புக்காக ஒரு மெய்நிகர் உலகம் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே நேரத்தில் 20 பேர் வரை வருவார்கள், பெரும்பாலும் பழைய லேப்டாப்கள். சர்வர் என் வீட்டுக் கணினிதான்: ஓப்பன்சிமுலேட்டர் (சுருக்கமாக ஓப்பன்சிம், மெய்நிகர் உலகைச் சொந்தமாக நடத்தும் மென்பொருள்), ஸ்டாண்டலோன் (எல்லாம் ஒரே கணினியில்), ஒரே ரீஜன் (நிலத் துண்டு). ஃபயர்ஸ்டார்ம் வியூவரில் (உலகைக் காட்டும் செயலி) நான் நுழைந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. வெளியிலிருந்து நண்பர் வந்தால் பெயர், கடவுச்சொல் ஏற்கப்படுகின்றன. அப்புறம் ரீஜனுடன் இணையும் கட்டத்திலேயே நின்று, கடைசியில் துண்டித்துவிடுகிறது. ரவுட்டரில் 9000 போர்ட்டை, அதாவது வெளி இணைப்பு நுழையும் வாசலை, திறந்திருக்கிறேன். கன்சோலில் பிழை எதுவும் இல்லை.

இதோடு மல்லுக்கட்டுவதா, இல்லை செகண்ட் லைஃப், ஹப்ஸ், விஆர்சாட் போன்ற வேறு மெய்நிகர் உலகத் தளங்கள் பக்கம் போய்விடுவதா?

கம்பிவலை:
9000 திறந்திருப்பது டிசிபிக்கு மட்டுமா, யுடிபிக்கும் சேர்த்தா (இரண்டும் தரவை அனுப்பும் முறைகள்)? ரீஜன்ஸ் கோப்பில் எக்ஸ்டர்னல்ஹோஸ்ட்நேம் (வெளியே இருப்பவருக்குச் சொல்லும் முகவரி) என்னவென்று இருக்கிறது?

முகில்வண்டி:
டிசிபி மட்டும். மற்றதில் 'சிஸ்டம்ஐபி' என்று இருக்கிறது. அதை நான் தொடவே இல்லை.

கம்பிவலை:
அப்படியானால் தடை இரண்டு இடத்தில். லாகின் கோரிக்கை எச்டிடிபி வழியாக, அதாவது டிசிபியில் போகிறது. அதனால்தான் கடவுச்சொல் வரை தாண்டுகிறது. பிறகு சர்வர், "ரீஜன் இந்த முகவரியில், இந்தப் போர்ட்டில் இருக்கிறது" என்று வியூவருக்குச் சொல்லும். அங்கிருந்து அவதாரின் அசைவு, பொருட்களின் நிலை எல்லாம் பெரும்பாலும் யுடிபியில்தான். அது மூடியிருந்தால் இப்படித்தான் தொங்கும்.

சிஸ்டம்ஐபி என்று விட்டால் சர்வர் தன் உள்வலை முகவரியைக் கொடுத்துவிடும். 192.168 என்று தொடங்கும் முகவரியை வைத்துக்கொண்டு வெளியே இருப்பவர் எங்கே போவார்? அந்த இடத்தில் உங்கள் பொது ஐபியையோ டைனமிக் டிஎன்எஸ் பெயரையோ (ஐபி மாறினாலும் அதையே சுட்டும் பெயர்) போடுங்கள். ஓப்பன்சிம் அமைப்புக் கோப்பில் பேஸ்ஹோஸ்ட்நேம் 127.0.0.1 என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள். பின்னால் இன்னொரு ரீஜன் சேர்த்தால் அதற்குத் தனி யுடிபி போர்ட் வேண்டும், வழக்கமாக 9001.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். ரவுட்டரின் வான் (இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், சேவை நிறுவனம் பலருக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். அப்போது எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை, விபிஎஸ், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்தான் வழி.

முகில்வண்டி:
நல்லவேளை, எனக்குத் தனிப் பொது ஐபிதான். நண்பர் உள்ளே வந்துவிட்டார்! ஆனால் இப்போது நான் என் வீட்டிலிருந்து நுழைய முடியவில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று கணினியில் குறிக்கும் இடம்) சர்வர் பெயருக்கு எதிரே உள்வலை ஐபியை எழுதியும் பார்த்துவிட்டேன்.

கம்பிவலை:
உங்கள் ரவுட்டருக்கு நேட் லூப்பேக் தெரியாது. உள்ளிருந்து பொது ஐபிக்குப் போகும் பாக்கெட்டை அது திருப்பி உள்ளே விடுவதில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பு இங்கே உதவாது. லாகின் பதிலில் ரீஜனின் முகவரி பெயராக வருவதில்லை, எண்ணாகத்தான் வருகிறது. வியூவர் அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். ரவுட்டர் அமைப்பில் லூப்பேக் அல்லது ஹேர்பின் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், வியூவர் ஓடும் கணினி லினக்ஸாக இருந்தால், பொது ஐபிக்குப் போவதை உள்வலை ஐபிக்குத் திருப்பும் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸில் பாக்கெட்டுகளைக் கையாளும் கருவி) விதி ஒன்று போதும்.

பழையஅவதார்:
தளம் மாறுவது பற்றி என் கருத்து. செகண்ட் லைஃப் 2003 முதல் ஓடுகிறது, கட்டும் கருவிகள் உங்களுக்கு ஏற்கெனவே பழகியவைதான். ஆனால் 256 மீட்டர் சதுர ரீஜனுக்கு மாத வாடகை உண்டு; படம், மெஷ் (முப்பரிமாண வடிவம்) ஏற்றப் பொதுவாக லிண்டன் டாலர் (அங்குள்ள நாணயம்) கட்ட வேண்டும். விஆர்சாட்டுக்கு யூனிட்டி (முப்பரிமாண விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்) தெரிய வேண்டும், புதுக் கணக்கில் உடனே உலகத்தை ஏற்றவும் விடமாட்டார்கள். பழைய லேப்டாப்களுக்கு அது பாரமும்கூட.

உங்களுக்கு உண்மையான போட்டி ஹப்ஸ்தான். பிரவுசரில் ஒரு இணைப்பைச் சொடுக்கினால் வகுப்பு. வியூவர் நிறுவ வேண்டியதில்லை, பேச்சு வசதி கூடவே வரும். ஓப்பன்சிமில் பேச்சுக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும், அது சள்ளை பிடித்த வேலை. ஆனால் ஹப்ஸில் காட்சியை (வடிவங்கள் முக்கோணங்களால் ஆனவை) 50,000 முக்கோணங்களுக்குள் அடக்கப் பார்க்க வேண்டும். மாணவர்களே உள்ளே நின்று கனசதுரத்தை இழுத்து, வெட்டி, துளைபோடுவது அங்கே நடக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஓப்பன்சிமில் இருப்பேன்.

யாரோ நடத்தும் சர்வரில் கட்டுவதற்கு முன், கட்டியதை வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற மெய்நிகர் உலகத் தளம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மொசில்லா நடத்திய ஹப்ஸ் சேவையும் 2024 மே 31 அன்று நின்றது. ஹப்ஸின் மூலநிரல் திறந்திருப்பதால் சொந்த சர்வரில் இன்றும் ஓட்டலாம்.

முகில்வண்டி:
வெட்டித் துளைபோடுவதுதான் பாடமே! ஓப்பன்சிமிலேயே இருக்கிறேன், பேச்சுக்கு வேறு ஏதாவது அழைப்புச் செயலி. சர்வரை மட்டும் விபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டால் லூப்பேக் தொல்லையும் தீரும் அல்லவா? கட்டியதெல்லாம் அப்படியே வருமா?

கம்பிவலை:
தீரும். பழைய சர்வரின் கன்சோலில் 'சேவ் ஓஏஆர்' (ரீஜனைக் கோப்பாகச் சேமிக்கும் கட்டளை) கொடுத்து, புது சர்வரில் 'லோட் ஓஏஆர்'. நிலமும் அதில் நிற்கும் பொருட்களும் ஸ்கிரிப்டுகளும் வந்துவிடும். அவதாரின் பையில் (இன்வென்டரி) இருப்பவை அதில் வராது, அதற்கு 'சேவ் ஐஏஆர்' தனியாக. புது சர்வரிலும் அதே பயனர் அடையாள எண்ணில் (யூயூஐடி) கணக்குகளை முதலில் உருவாக்கிவிடுங்கள்; பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது. இல்லாவிட்டால் பொருட்களின் உரிமை எல்லாம் எஸ்டேட் (ரீஜன் அடங்கிய நிலம்) உரிமையாளர் பேருக்குப் போய்விடும்.