புதுப்பிப்பு: ட்வீட் ஆம்ப்பில் கெயின் போதாத விவகாரம்

போன மாதம் கேட்டது இதுதான்: ஃபெண்டர் கம்பெனியின் பழைய, ட்வீட் துணி போர்த்திய 5இ3 டீலக்ஸ் கிட்டார் ஆம்ப்பின் சர்க்யூட்டைப் பார்த்துக் கட்டிய என் 12 வாட் ட்யூப் (வால்வு) ஆம்ப்பில் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, போதவில்லை, என்ன செய்யலாம்?

முதலில் நீங்கள் சொன்னபடி வால்வை மாற்றினேன். முன்வரிசையில், அதாவது கிட்டார் சிக்னல் முதலில் நுழையும் இடத்தில், இருந்த 12ஏஒய்7 வால்வின் பெருக்கக் காரணி சுமார் 44, 12ஏஎக்ஸ்7-க்கு 100. இரண்டுக்கும் கால்களின் (pin) அமைப்பு ஒன்றேதான். அணைத்து, ஆறவிட்டு, மாற்றிச் செருகினால் முடிந்தது. கெயின் தாராளமாக வந்தது, கூடவே பாஸ், அதாவது கீழ்ச்சுருதி ஒலி, சேறு மாதிரி குழம்பிவிட்டது! கீழ் ஈ கம்பியைத் தட்டினால் கூழ் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

அதற்கு மருந்து கப்ளிங் கெபாசிட்டர், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு சிக்னலைக் கடத்தும் பாகம். முதல் நிலைக்குப் பின்னால் இருந்த 0.1 மைக்ரோஃபாரடை எடுத்துவிட்டு 0.022 போட்டதும் பாஸ் இறுகியது. இதை நானே செய்யவில்லை, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கும், விளையாட்டு இல்லை.

அப்புறம், காசே செலவில்லாத ஒன்று. இந்த ஆம்ப்பில் இரண்டு சேனல்கள், அதாவது கிட்டார் செருக இரண்டு வழிகள்; அவற்றின் இரண்டு வால்யூம் குமிழ்களும் ஒன்றையொன்று பாதிக்கும். கிட்டார் செருகாத சேனலின் குமிழை மெல்லத் திருப்பினாலே டோன் மாறுகிறது. எனக்குப் பிடித்த இடம் 3-க்கும் 4-க்கும் நடுவே. பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்த இடமும் பிடிக்கவில்லை.