அரவங்காடு வீட்டுப் புத்தகங்கள்

குமார் அண்ணா: ஞாயிறு 11 மணிக்கு அப்பாவின் படத்திறப்பு. மாதக் கடைசிக்குள் வீட்டுக்காரர் சாவி கேட்கிறார். அப்பாவின் கப்பல் புத்தகங்களை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்? இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரர்தான்.

லலிதா அத்தை: பேப்பர்காரனா?? அண்ணன் உயிரே அதில்தானே இருந்தது

குமார் அண்ணா: (படம்) இரண்டு பெட்டி. பாதி பூஞ்சை. இரண்டாம் உலகப் போரின் டன்கிர்க் மீட்பு பற்றிய புத்தகத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. நடுவில் குன்னூர்–மேட்டுப்பாளையம் ரயில் டிக்கெட்.

சித்ரா அக்கா: டைட்டானிக் புத்தகம் எங்கே? படத்தில் காணோம்

குமார் அண்ணா: சித்தப்பாவைக் கேள்

சித்ரா அக்கா: ஓ. 1998 😄

சுந்தரம் சித்தப்பா: வாங்கியது உண்மை. திருப்பிக் கொடுத்ததும் உண்மை. அது இருக்கட்டும். படத்திறப்பில் நான் நாலு வார்த்தை பேசலாம் என்று இருக்கிறேன். அந்த டைட்டானிக் புத்தகத்தை எழுதிய வால்டர் லார்ட் மேல் அண்ணனுக்கு அவ்வளவு பைத்தியம், சின்னவர்களுக்குத் தெரியாது. லார்ட் கப்பல்காரர் கிடையாது. 1917-ல் பால்டிமோரில் பிறந்தவர், சட்டம் படித்தார், விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆனால் 1926-ல், எட்டு வயதில், டைட்டானிக்கின் அக்கா கப்பலான ஒலிம்பிக்கில் பயணம் போனார். கப்பல் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

அருண்: அக்கா கப்பலா!! லலிதா அத்தை கப்பல்

லலிதா அத்தை: டேய்

சுந்தரம் சித்தப்பா: கேலி வேண்டாம். டைட்டானிக்கிலிருந்து பிழைத்து வந்தவர்களில் 63 பேரைத் தேடிப்பிடித்துப் பேசி, 1955-ல் புத்தகம் போட்டார். கப்பல் மூழ்கிய அந்த ஒரு ராத்திரி மட்டும்தான், நிமிடக் கணக்கில். யார் எங்கே நின்றார், என்ன சொன்னார் என்றே போகும். பனிப்பாறையில் மோதியபோது மேல்தளத்தில் உதிர்ந்த பனிக்கட்டியை எடுத்து மூன்றாம் வகுப்புக்காரர்கள் விளையாடினார்களாம்.

லலிதா அத்தை: ஐயோ அதேதான். ஆலங்கட்டி விழுந்தால் பொறுக்க ஓடுவோம். வாசலில் நின்று இந்தக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவான்

சித்ரா அக்கா: பர்லியாறில் மண்சரிவு என்கிறார்கள், நிஜமா?

அருண்: ஒரு பக்கம்தான் விடுகிறார்களாம். நாங்கள் கோத்தகிரி வழி

லலிதா அத்தை: அந்த வழியில் எனக்கு வாந்தி வரும்

குமார் அண்ணா: அப்பாவுக்கும்தான். ராமேஸ்வரத்தில் படகில் ஏறி அஞ்சு நிமிஷம் தாங்கவில்லை. இத்தனை கப்பல் புத்தகம்!

சுந்தரம் சித்தப்பா: இன்னொன்று. 1985-ல் கடலடியில் டைட்டானிக் இரண்டு துண்டாகக் கிடைத்தது. லார்ட், நான் எழுதி முடித்தாயிற்று என்று சும்மா இருக்கவில்லை. மறு வருடமே இன்னொரு புத்தகம், புதுத் தகவலோடு. அந்த குணம்தான் அண்ணனுக்குப் பிடித்தது.

குமார் அண்ணா: நீங்களும் 1998 கணக்கை ஒரு தடவை திருத்தலாமே சித்தப்பா

சித்ரா அக்கா: ஹாஹாஹா

லலிதா அத்தை: குமார், துக்க வீடுடா

சுந்தரம் சித்தப்பா: பீரோவில் மறுபடி பார்க்கிறேன்.

அருண்: டன்கிர்க் எனக்கு. மீதி ஊட்டி லைப்ரரியில் கேட்கலாமா?

குமார் அண்ணா: பூஞ்சையோடு வாங்குவார்களா? யார் போய்க் கேட்பது?

லலிதா அத்தை: வர்க்கி எத்தனை கிலோ சொல்லட்டும்? வருகிறவர்களுக்குக் காபியோடு கொடுக்க

சித்ரா அக்கா: 3

குமார் அண்ணா: 12 மணிக்கு இலை போட்டாக வேண்டும். சித்தப்பா, அஞ்சு நிமிஷம்தான்

சுந்தரம் சித்தப்பா: பத்து.