ரெண்டு மெமரி மேக்ரோ (சிப்ல அப்படியே வைக்கிற ரெடிமேட் ப்ளாக்) நடுவுல ரவுட்டிங் கன்ஜெஷன் (வயர் நெரிசல்), டென்சிட்டி குறைச்சும் போகமாட்டேங்குது

திருநகர்க்காரன்:
வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். மதுரைல எம்.இ. விஎல்எஸ்ஐ (சிப் டிசைன்) ரெண்டாவது வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு பிக்கோஆர்வி32ங்கிற ப்ராசஸர் கோர் எடுத்து, ஓபன்ரேம் டூல்ல செஞ்ச மெமரி ரெண்டு சேத்து, ஸ்கை130ங்கிற 130 நானோமீட்டர் ப்ராசஸ்ல ஓபன்லேன்ங்கிற லேஅவுட் டூல் வச்சு போட்டுக்கிட்டு இருக்கேன். லாஜிக் செல்ல எடத்துல வைக்கிற ப்ளேஸ்மென்ட், க்ளாக் வயர் பிரிக்கிற சிடிஎஸ் வரைக்கும் சுத்தமா வருது, வயருக்கு தோராயமா வழி போடுற க்ளோபல் ரவுட்ல ஓவர்ஃப்ளோ காட்டுது, பரவால்லன்னு நிஜ வயர் போடுற டீட்டெய்ல் ரவுட்டுக்கு விட்டா டிஆர்சி (லேஅவுட் விதிமீறல்) ஆயிரக்கணக்குல இருந்து இறங்கி 300 கிட்ட வந்து அங்கனயே நின்னுருது, 64 ரவுண்டும் ஓடி முடிஞ்சும் அதே 300தான். டென்சிட்டிய (செல் எம்புட்டு நெருக்கமா உக்காரணும்ங்கிற அளவ) 0.55ல இருந்து 0.40க்கு கொண்டு வந்தேன், டை சைஸயும் (சிப்போட அளவு) பெருசாக்குனேன், ஒண்ணும் மாறல. மெமரி ரெண்டும் இடது ஓரத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நடுவுல 25 மைக்ரான் கேப், கோர் வலது பக்கம். ரெவ்யூவுக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு, ராத்திரி பூரா ஓட விட்டுட்டு காலைல பாத்தா அதே நம்பர் நிக்குது, மனசே விட்டுப்போகுது. எங்க தப்பு பண்றேன்?

கோரிப்பாளையம்_பிடி:
தம்பி, மொதல்ல டென்சிட்டில கை வைக்கிறத நிப்பாட்டு. க்ளோபல் ரவுட்டர் சிப்ப சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தன ட்ராக் (வயர் ஓடுற தடம்) இருக்கு எத்தன வயர் போகணும்னு கணக்குப் பாக்குது, தேவை மிஞ்சுனா அதான் ஓவர்ஃப்ளோ. அப்ப மொத்த நம்பர விட செவப்பு எங்கிட்டு இருக்குங்கிறதுதான் முக்கியம், டூலோட ஜியூஐல நெரிசல செவப்பா காட்டுற ஹீட்மேப்ப தெறந்து பாரு. நீ சொல்றத வச்சுப் பாத்தா மெமரி நடுவுல அந்த சந்துலதான் இருக்கும். சிம்மக்கல்லுல இருந்து கோரிப்பாளையம் போறவன் வைகை மேல இருக்குற ஏவி பாலத்துலதான ஏறணும், செல்லூர்ல ரோட்ட எம்புட்டு அகலப்படுத்துனாலும் பாலத்து மேல கூட்டம் குறையாதுல்ல, நீ டைய பெருசாக்குனதும் அப்படித்தான், மேக்ரோவ நீயே கோஆர்டினேட் குடுத்து வச்சிருக்க, சந்து அதே 25 மைக்ரான்லதான நிக்குது.

கணக்குப் போட்டுப் பாப்போம். ஸ்கை130 வயர் லேயர்ல படுக்கையா ஓடுறது மெட்டல் 1, மெட்டல் 3, மெட்டல் 5. ஒரு ட்ராக்குக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம், அதாவது பிட்ச், மெட்டல் 1க்கு 0.34 மைக்ரான், மெட்டல் 3க்கு 0.68. 25 மைக்ரான்ல மெட்டல் 1க்கு 73 ட்ராக், மெட்டல் 3க்கு 36, ஆக மொத்தம் 109. உன் மெமரி 32 பிட்டுன்னா உள்ள போற டேட்டா 32, வெளிய வர்றது 32, ஒரு மேக்ரோவுக்கே 64 வயர். ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்தா 128 வயர் அந்த வாய் வழியாத்தான் கோருக்கு வரணும். 109ல 128 எப்படிப் போகும்? அதுலயும் சந்துக்குள்ள பஃபர் (சிக்னலுக்கு பலம் குடுக்குற செல்) வந்து உக்காந்தா மெட்டல் 1ல பாதி பவர் ரெயிலுக்கும் செல் பின்னுக்குமே போயிரும். மெட்டல் 1ல பாதிதான் கெடைக்கும்னு வச்சுக்கிட்டா மைக்ரானுக்கு 3 ட்ராக் கூட தேறாது, அப்ப 45 மைக்ரானாச்சும் வேணும், நான்னா 60 விடுவேன். மேக்ரோ மேலயே போயிரலாம்னு நெனைக்காத, அது மெட்டல் 4 வரைக்கும் அடைச்சுக்கிட்டு இருக்கு, மிச்சம் மெட்டல் 5தான், பிட்ச் 3.4, கரண்ட் கொண்டு போற பவர் ஸ்ட்ராப்பும் அதுலதான் ஓடுது.

அகலப்படுத்துறதுக்கு முன்னாடி இன்னொண்ணு, அந்த மெமரில ரெண்டாவது ரீட் போர்ட்ட (டேட்டா படிக்கிற ரெண்டாவது வாசல) நீ பயன்படுத்துறியா? இல்லன்னா அந்தப் பக்கத்த முதுகாட்டம் வச்சு ரெண்டையும் முதுகோட முதுகு வையி, டேட்டா பின் இருக்குற பக்கம் வெளிய பாக்கட்டும். சந்துக்குள்ள டேட்டா வயர் வராது.

அனுப்பானடி_அக்கா:
மேல சொன்னது சரி தம்பி, ஆனா சந்து சரியானதும் முடிஞ்சதுன்னு நெனச்சுக்காத, கோருக்குள்ள ரெஜிஸ்டர் ஃபைல் (ரெஜிஸ்டர் எல்லாம் சேந்த தொகுப்பு) இருக்குற எடத்தயும் பாரு. 32 ரெஜிஸ்டர்ல ஒண்ண தேர்ந்தெடுக்க மக்ஸ்ங்கிற செலக்டர் செல்லா அடுக்கும், ஒவ்வொரு செல்லுக்கும் பின்னு ஜாஸ்தி, அம்புட்டும் ஒரே எடத்துல குமிஞ்சா ட்ராக் இருந்தும் பின்னுகிட்ட வயா (மெட்டல் லேயர இணைக்கிற துளை) எறக்க எடம் இருக்காது. இது வேற வியாதி, மருந்தும் வேற. செல்லுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சைட் (செல் வைக்கிற கட்டம்) பேடிங், அதாவது காலி எடம், குடு, இல்ல அந்த எடத்துக்கு மட்டும் பார்ஷியல் ப்ளாக்கேஜ் (செல்ல அளவா மட்டும் வர விடுற தடை) போடு. சிப் பூரா டென்சிட்டிய குறைச்சா செல்லெல்லாம் தள்ளித் தள்ளிப் போயி வயர்தான் நீளும், நீளமான வயர் இன்னும் ட்ராக்க திங்கும்.

சந்துல பஃபர் வேணாம்னு ஹார்ட் ப்ளாக்கேஜ் (செல்லே வர விடாத தடை) போட்டா ட்ரான்சிஷன் (சிக்னல் மாறுற வேகம்) கெட்டுப்போகும், அதயும் பாத்துக்க, மேக்ரோ நீளம் கொஞ்சநஞ்சமில்ல.

பழங்காநத்தம்77:
பவர் ஸ்ட்ராப்ப மெலிசாக்கு, ட்ராக் மிச்சமாகும்னு யாராச்சும் சொன்னா ஐஆர் ட்ராப் (வழில எறங்குற வோல்டேஜ்) பாக்காம செய்யாத. நான் வேலை பாத்த ஒரு டீம்ல கடைசி வாரம் அப்படிச் செஞ்சு ரவுட்டிங் க்ளீனாச்சு, மெமரிகிட்ட வோல்டேஜ் எறங்கி, திரும்பவும் ஸ்ட்ராப் போட்டு மொதல்ல இருந்து ஓட்டுனோம். அம்புட்டு பேரும் அந்த வாரம் வீட்டுக்குப் போகல.

திருநகர்க்காரன்:
அண்ணே, ஹீட்மேப் பாத்தேன், நீங்க சொன்ன சந்துலதான் ரத்தச் செவப்பா இருந்துச்சு, நான் இத்தன நாளா லாக்ல நம்பர மட்டுமே பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது போர்ட் பயன்படுத்தல, அதனால ஒண்ண ஃப்ளிப் பண்ணி முதுகோட முதுகு வச்சேன், கேப்பும் 40 ஆக்குனேன். ஓவர்ஃப்ளோ ஜீரோ!! அக்கா சொன்ன பேடிங்கும் குடுத்தேன், கோருக்குள்ள இருந்த சின்னச் சின்ன செவப்பும் போயிருச்சு. டிஆர்சி 11தான் மிச்சம், எல்லாமே மேல் மெமரியோட டேட்டா பின்னுகிட்டயே இருக்கு, கீழ் மெமரில ஒண்ணு கூட இல்ல. அது ஏன்?

கோரிப்பாளையம்_பிடி:
மேல் மெமரிய வச்ச எக்ஸ் ஒய் கோஆர்டினேட்ட பாரு. ஃப்ளிப் பண்ணப்ப ட்ராக் கிரிட்ல இருந்து விலகிருக்கும், பின்னு ரெண்டு ட்ராக்குக்கு நடுவுல விழுந்தா ரவுட்டர் அங்க ஒட்ட முடியாம தவிக்கும். அந்தப் பின்னு எந்த மெட்டல்ல இருக்குன்னு லெஃப் ஃபைல்ல (மெமரியோட அளவும் பின் இருக்குற எடமும் சொல்ற ஃபைல்) பாத்துட்டு அந்த ட்ராக்குல வந்து விழுற மாதிரி கொஞ்சம் நகத்து. அந்தப் பக்கம் ஹாலோவும் (மேக்ரோவ சுத்தி விடுற காலி எடம்) கொஞ்சம் கூட்டி வையி. ஓட்டிட்டு வந்து சொல்லு.