கியூ முடிந்த பிறகுதான் கடைக்குக் கஷ்டம்: அனுபவப் பகிர்வு

திருகோணமலை பஸ் நிலையப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு நான் எந்தக் கடையைச் சொல்கிறேன் என்று பெயர் இல்லாமலே விளங்கும். பெயர் போடவேண்டாம் என்று முதலாளியே கேட்டுக்கொண்டார். "கடனில கிடக்கிற கடை எண்டு நாளைக்கு ஆரும் கதைக்கக்கூடாது தம்பி" என்றார். ஆகவே கடை என்றே எழுதுகிறேன்.

மூடப்போகிறார்கள் என்று ஊரில் ஒரு கதை ஓடுகிறது. இன்னும் மூடவில்லை. ஆனால் இரவு வியாபாரம் நின்றுவிட்டது. கொத்து ரொட்டி இல்லை. ஏழெட்டுப் பேர் வேலை செய்த இடத்தில் இப்போது அவரும் மனைவியும் ஒரு பொடியனும்தான். அங்கே சாப்பிட்டவர்கள், வேலை செய்தவர்கள், சாமான் கொடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

எல்லோரும் 2022ஐத்தான் கஷ்டகாலம் என்கிறார்கள். கடையைப் பொறுத்தவரை எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. பெற்றோலுக்கும் காஸுக்கும் கியூவில் நின்ற காலத்தைக் கடை தாண்டிவிட்டது. அதை விழுத்தப் பார்ப்பது பிறகு வந்த காலம்.

நான் பக்கத்து அலுவலகமொன்றில் வேலை. மதியச் சாப்பாடு அங்கேதான். 2021 ஒக்டோபரில் காஸுக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 2,675க்குப் போனது. அடுத்த ஏப்ரலில் 4,860. அதுவும் கொழும்பு விலை. விலையைக்கூடச் சமாளிக்கலாம், சாமான் வந்தால்தானே! நடுவில் வீடுகளில் காஸ் அடுப்பு வெடித்த செய்திகள் வேறு. சிலிண்டர் வைத்திருந்தவர்களும் பயந்து பயந்துதான் பற்றவைத்தார்கள்.

கடையின் பின்வளவில் தகப்பன் காலத்து விறகு அடுப்பு ஒன்று கிடந்தது. செங்கல் வைத்துக் கட்டியது. அதன்மேல் பழைய சாக்கும் சோடாப் பெட்டியும் குவிந்திருந்தன. அதையெல்லாம் இழுத்துப் போட்டு, புதிதாக மண் பூசி, சோறு கறி முழுவதையும் அந்த அடுப்புக்கு மாற்றினார். கொத்துக்கு மட்டும் விறகு சரிவரவில்லை. நெருப்பு ஒரே சீராக நிற்காது. கல்லில் ஒரு பக்கம் ரொட்டி கருகும், மற்றப் பக்கம் சூடே ஏறாது. இரண்டு மூன்று இரவு பார்த்துவிட்டுக் கொத்தை நிறுத்தினார்.

2022 மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது ஞாபகம் இருக்கும். காஸ் இல்லை, கரண்ட் அடுப்பும் வேலை செய்யாது. மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள், அரச விடுதிகளில் இருந்தவர்கள் எங்கே போய் விறகு எரிப்பது? எல்லோரும் பார்சலுக்கு வந்தார்கள். பகல் பதினொன்றரைக்கே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அந்த மாதங்களில் வியாபாரம் குறையவே இல்லை. சமைக்கச் சாமான் தேடுவதுதான் பெரும்பாடு.

பராட்டா முதலில் போனது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாட்டுக்கே கோதுமை மா அரைக்கிற ஆலை நம்முடைய சீனக்குடாவில் இருக்கிறது. ஆனால் கோதுமை கப்பலில் வரவேண்டும், கப்பலுக்கு டொலர் வேண்டும். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். 200 ரூபாய்ச் சொச்சத்தில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. ஆலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் மாவுக்கு அலைந்தோம். எரிபொருள் கதையும் அதே. வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் அதே சீனக்குடாவில் நிற்கின்றன. நாங்கள் பெற்றோல் செட்டில் படுத்துக் கிடந்தோம்.

பராட்டாவுக்குப் பதில் அரிசிமாப் புட்டு. மைசூர்ப் பருப்புக்குப் பதில் கௌபிப் பயறு. பால்மா இல்லாததால் தேநீர் என்றால் பிளேன்டி மட்டும். கறி ஐந்திலிருந்து மூன்றானது. ஆனால் இரண்டாம் தரம் சோறு கேட்டால் போடுகிற வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. இரசாயனப் பசளைத் தடையால் விளைச்சல் விழுந்து, பக்கத்துத் தம்பலகாமத்து அரிசியே இரட்டிப்பு விலைக்குப் போன நேரம் அது. "கறியைக் குறைக்கலாம். சோறு கேட்கிறவனுக்கு இல்லை எண்டு சொல்லிப் பழகேல்ல" என்றார். வியாபாரமாகப் பார்த்தால் அது புத்தியான முடிவா என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

பிறகு 2023. காஸ் வந்தது, விலையும் மெல்ல இறங்கியது. பெற்றோல் வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்கு மார்ச்சில் அனுமதி கிடைத்தது. 2022 செப்டெம்பரில் 69.8 வீதத்தில் நின்ற பணவீக்கம் அடுத்த வருட நடுப்பகுதிக்குள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். மற்றச் சாமான் விலையும் இறங்கிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். இறங்கவில்லை, ஏறின இடத்தில் நின்றது, அவ்வளவுதான். சம்பளம் பழைய சம்பளம். காஸ் திரும்பினதும் எல்லோரும் வீட்டில் சமைக்கத் தொடங்கினார்கள். என் அலுவலகத்திலேயே பாதிப்பேர் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவருகிறார்கள். அதே நேரத்தில் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் ஏறியது. கடையில் இரண்டு குளிர்சாதனப் பெட்டி. ஒன்றை விற்றுவிட்டார்.

இப்போது அங்கே அதிகம் போவது "அரைச் சாப்பாடு". 2022இல் அப்படி ஒன்றே இருக்கவில்லை.

ஓட்டோ ஓட்டுகிறவர், பாலையூற்று

அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். அந்தக் கடை கியூவுக்கே வந்தது. 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்களே, அந்த நாட்கள். டோக்கன் தருவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி நாங்கள் வரிசையைவிட்டு நகரவில்லை. வீட்டுக்குப் போய்வந்தால் இடம் போய்விடும். கடைப் பொடியன் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரிசை நெடுகப் பார்சல் கொண்டுவருவான். என்னிடம் காசு முடிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "முதலாளி எழுதிக்கொண்டு வரச்சொன்னவர்" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தான். பெயர் எழுதினான், பார்சலைத் தந்தான், போய்விட்டான்.

கியூஆர் கோட் காட்டி எரிபொருள் அடிக்கிற முறை வந்த பிறகு ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். அதை வைத்து என்ன ஹயர் ஓடுவது? கடனைத் தீர்க்க வழியில்லை. ஆகவே பின்வளவில் போய் விறகு கொத்திக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானே போனேன். கொத்தி முடித்த பிறகு சாப்பிட வைத்தார். அந்தச் சாப்பாட்டைக் கொப்பியில் எழுதுவதா வேண்டாமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை!

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். கொப்பியில் இன்னும் வெட்டாத பெயர்கள் இருக்கின்றன. எல்லாம் என்னைப்போல ஓட்டோக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். மாதச் சம்பளக்காரர்களும் இருக்கிறார்கள். இதை வாசிப்பார்கள் என்றும் தெரியும்.

மீன் கொடுத்த வீட்டிலிருந்து, திருக்கடலூர்

எங்கள் வீட்டுக்காரர் படகுக்காரர். கடைக்கு நாங்கள் எத்தனையோ வருடமாக மீன் கொடுக்கிறோம். பாரை, விளை, வாய்த்தால் சீலா. விலைக்கு அடிபடமாட்டார், ஆனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கவும் மாட்டார்.

பெற்றோல் கியூவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். 2022 ஓகஸ்டில் 87 ரூபாய் லீற்றர் ஒரே இரவில் 340 ஆனது. ஆழத்துக்குப் போய்வந்தால் பிடிக்கிற மீன் எண்ணெய்க்கே சரி. பலர் கரையோடு வலைபோடத் தொடங்கினார்கள். ஆகவே கடைக்கும் பாரை போய்ச் சூடை, கீரி என்று சின்ன மீன் வந்தது. முதல் கிழமை முதலாளி முகத்தைச் சுளித்தார். பிறகு முதலாளியின் மனைவி, அந்த அக்கா, கொறுக்காய்ப்புளி போட்டுச் சட்டியில் வற்றவைத்து ஒரு தீயல் செய்தார். அதைக் கேட்டே ஆட்கள் வரத்தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் பழைய பாரைக் குழம்பைவிட அதுதான் திறம். கோபிப்பவர்கள் கோபிக்கலாம்.

முன்பு கையோடு காசு. இப்போது கிழமைக் கடைசியில்தான் தருகிறார். தராமல் விட்டதில்லை. ஆனால் எங்களுக்கும் அடுத்த நாள் எண்ணெய்க்குக் காசு வேண்டும். அதனால் நல்ல மீன் வந்தால் முதலில் ரொக்கம் தருகிற வியாபாரிக்குப் போகிறது. அவருக்கும் அது தெரியும். ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை.

உவர்மலையிலிருந்து ஒருவர்

எல்லோரும் புகழ்கிறீர்கள், சரி. நாங்கள் வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து, விலைப்பலகையைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு வடையும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு எழும்பி வந்தோம். அவர்கள் கூடுதலாக எடுக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் "ஊர்க்கடையைக் காப்பாற்றுங்கள்" என்று எங்களைப்போன்றவர்களைப் பார்த்துச் சொல்லவேண்டாம். எங்களை யார் காப்பாற்றுவது?

தொடங்கியவர்

உவர்மலை அக்கா, உங்களில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. 2023இல் நாட்டில் நாலில் ஒருவர் வறுமையில் என்று உலக வங்கியே கணக்குச் சொன்னது. நான் எழுதினது வசதியிருந்தும் போகாதவர்களுக்கு. "ஆகா, அந்தக் கடைக் கொத்து! அந்தக் காலம்!" என்று படம் போடுகிறவர்கள், விருந்தாளி வந்தால் உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்களோடுதான் எனக்குக் கோபம்.

கொத்துப் போட்டவர், இப்போது கட்டாரில்

ஓம், அந்தக் கொத்துக்கல் என்னுடையதுதான். அப்படித்தான் சொல்லுவேன். பின்னேரம் ஆறு மணிக்கு முதல் தட்டு விழுந்தால் பஸ் நிலையம் வரை சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் எங்களுக்கு விளம்பரம்.

கல் நின்ற பிறகும் முதலாளி என்னை நிறுத்தவில்லை. தேங்காய் துருவ, பார்சல் கட்ட என்று வைத்திருந்தார். கொத்துக்காரனுக்குப் பார்சல் கட்டுகிற வேலை! சம்பளம் அதேதான், ஆனால் அந்தச் சம்பளத்துக்கு முன்பு வாங்கினதில் பாதிச் சாமான்கூட வராது. 2022இல் நாட்டைவிட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். அதில் நானும் ஒருவன். கடைசிச் சம்பளத்தை இரண்டு தவணையில் தந்தார். இரண்டாவதைத் தர வீட்டுக்கே வந்தார். என் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது காஸ் இருக்கிறதே, ஏன் கொத்துத் தொடங்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு: போட ஆள் இல்லை. கொஞ்சம் கை வந்த பொடியன் என்றால் ஒன்று வெளிநாடு, இல்லாவிட்டால் மே மாதம் கடல் அமைதியானதும் நிலாவெளி ஹோட்டல்களுக்குப் போய்விடுவான். வெள்ளைக்காரர் திரும்பி வருகிறார்கள், அங்கே சம்பளத்தோடு டிப்ஸும் உண்டு. கடையால் அந்தச் சம்பளம் கொடுக்க முடியாது. கல்லில் எண்ணெய் பூசி வைத்திருக்கிறாரா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். துரு பிடித்தால் சரிப்படுத்துவது பெரிய வேலை.

மூதூரிலிருந்து

2022இல் அம்மாவைத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பஸ் ஓடினால் வருவேன், ஓடாத நாள் வார்ட்டிலேயே தங்கிவிடுவேன். அம்மாவுக்குக் காரம் ஆகாது. கடையில் போய்க் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டேன். விற்கிறதில்லை என்றார் அங்கே நின்ற பொடியன். உள்ளேயிருந்த அக்கா, "ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து காலையில் ஒரு போத்தல் கஞ்சி எனக்கென்று எடுத்துவைத்திருப்பார். ஒரு போத்தல் சுடுதண்ணியும். கஞ்சிக்குக் காசு வாங்கினார், சுடுதண்ணிக்கு வாங்கவில்லை. இலவசமாகத் தந்திருந்தால் இரண்டாம் நாள் கேட்க எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அம்மா இப்போது சுகம். பட்டணம் வந்தால் அங்கேதான் சாப்பிடுவோம், காரத்தோடு.

தொடங்கியவர்

இன்றைக்கு மத்தியானம் போய்ப் பார்த்தேன். கட்டார்த் தம்பிக்கு: கல் பின்சுவரில் சாத்தியிருக்கிறது, எண்ணெய் பூசிக் கடதாசி சுற்றியிருக்கிறது. ஓட்டோ அண்ணை சொன்ன கொப்பியைப் பற்றியும் கேட்டேன். அது பழைய கதை, விடச்சொன்னார். நான் விடமாட்டேன். கடன் இருக்கிறவர்கள் பொடியனிடம் கொடுத்தாலும் போதும், ஒன்றும் கேட்கமாட்டான்.

உருப்படியாக ஒன்று கதைத்தோம். வங்கிகள், அலுவலகங்கள், ரியூஷன் நிலையங்கள் சேர்ந்து முதல் நாளே எண்ணிக்கை சொன்னால் அவருக்கு அளவாகச் சமைக்கலாம். இப்போது அவருக்குப் பெரிய நட்டமே மிஞ்சுகிற சோறுதான். எங்கள் அலுவலகத்தில் இதுவரை 14 பேர் பெயர் தந்திருக்கிறார்கள். முப்பது சேர்ந்தால் இன்னொரு ஆளை வேலைக்கு வைக்கலாம் என்கிறார். சேரவிரும்புகிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்கு முன் கடையில் சொல்லவேண்டும். காசு கிழமைக்கு முன்கூட்டியே. கடன் இல்லை. இந்த நிபந்தனை கடை அக்காவுடையது, அவரோடு வாதாட முடியாது.

நாளைக்கு வெள்ளி, மரக்கறி மட்டும். சூடைத் தீயல் வேண்டியவர்கள் சனிக்கிழமை போங்கள், பன்னிரண்டரைக்கு முன்.